அம்மையும் அப்பனும்: உறவுப் பெயர்களின் ஒலியொப்புமையும் மொழிவரலாற்றுச் சான்றும்

தாயையும் தந்தையையும் குறிக்கும் சொற்கள் உலகின் பல மொழிகளில் ஒன்றையொன்று ஒத்து ஒலிப்பது நெடுங்காலமாக அறிஞர் கவனத்தை ஈர்த்து வந்துள்ளது. தமிழர் 'அம்மா', 'அப்பா' என விளிக்குமிடத்துச் சீனர் 'மாமா', 'பாபா' என்பர். கிழக்காபிரிக்காவின் சுவாகிலி மொழியில் 'மாமா', 'பாபா' என்னும் சொற்களே வழங்குகின்றன. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டுக் கெச்சுவா மக்கள் தாயை 'மாமா' என்றும் தந்தையைத் 'தைத்தா' என்றும் அழைப்பர். ஐரோப்பாவில் எம்மொழியோடும் உறவுகொள்ளாது தனித்து நிற்கும் பாஸ்கு மொழியிலே 'அமா', 'ஐத்தா' என்னும் சொற்கள் உள்ளன. அங்கேரிய மொழியில் 'அன்யா', 'அப்பா' என்பனவும், வேல்சு மொழியில் 'மாம்', 'தாட்' என்பனவும், அரமேய மொழியில் 'இம்மா', 'அப்பா' என்பனவும் வழங்குவன. இவற்றுட் பல தம்முள் எவ்வித இனவுறவும் நிறுவப்படாத மொழிகளாம்.

எமது தீவினுள்ளேயே இவ்வொப்புமையைக் காணலாம். தமிழரும் சிங்களவரும் தாயை 'அம்மா' என்றே அழைப்பர். முஸ்லிம் மக்களிடையே 'உம்மா', 'வாப்பா' என்னும் சொற்கள் வழங்குகின்றன. 'உம்மா' அரபுமொழியின் 'உம்' என்னும் சொல்லோடு தொடர்புடையது. கண்டிப் பகுதிச் சிங்களவர் தந்தையை 'அப்பச்சி' என அழைப்பதுண்டு. ஏனைய சிங்களவர் கூறும் 'தாத்தா' தந்தையைக் குறிக்க, அதே ஒலியுடைய தமிழ்ச்சொல் பாட்டனைக் குறிக்கின்றது.

இவ்வொப்புமைக்குக் காரணம் யாது? உலக மொழிகள் யாவும் ஒரு தாய்மொழியிற் பிறந்தமைக்கு இது சான்றாகுமா? அன்றித் தமிழிலிருந்தே ஏனையோர் இச்சொற்களைப் பெற்றனர் எனக் கொள்ளலாமா? இவ்வினாக்கள் எம்மிடையே மேடைகளிலும் ஏடுகளிலும் பன்முறை எழுப்பப்பட்டு, விரைந்து விடையும் கூறப்பட்டு வருகின்றன. இது பற்றி அறிஞர் கண்ட முடிவுகளை வரலாற்று முறையில் நோக்கி, மொழியுறவை நிறுவுதற்கு எத்தகைய சான்று வேண்டப்படும் என்பதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வின் தொடக்கம்

இப்பொருளை முறையாக ஆராய முற்பட்டோருள் யோகான் புஷ்மன் என்னும் ஜேர்மானிய அறிஞர் முதன்மையானவர். வில்கெல்ம் வொன் ஹும்போல்ற் 1835 இல் இறந்தபின், அவர் சாவகத்தின் கவி மொழி பற்றி எழுதிய பெருநூலைப் பதிப்பித்து நிறைவுசெய்தவர் இவரே. பல கண்டங்களின் சொற்றொகுதிகளைக் கையாண்ட பயிற்சி இவருக்கு இருந்தது. 1850களின் தொடக்கத்திலே 'இயற்கையொலி' பற்றி எழுதிய கட்டுரையில், தந்தையைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் 'ப', 'த', 'அப்', 'அத்' என்னும் வடிவங்களிலும், தாயைக் குறிப்பன 'ம', 'ந', 'அம்', 'அன்' என்னும் வடிவங்களிலும் அடங்குவதை அவர் எடுத்துக்காட்டினார். ஆயின் இவ்வமைப்பு ஏன் தோன்றிற்று என்பதற்கு மொழியியல் அடிப்படையிலான விடை கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

1959 இல் அமெரிக்க மானிடவியலாளரான ஜோர்ஜ் பீற்றர் மேர்டொக், உலகின் பல பாகங்களிலிருந்தும் திரட்டிய 1,072 சொற்களைக் கணக்கிட்டு வெளியிட்டார். அவற்றுள் 531 தாயைக் குறிப்பன. 541 தந்தையைக் குறிப்பன. ஒரே மொழிக்குடும்பத்தின் தாக்கம் கணக்கைத் திரித்துவிடாதவாறு சொற்களைத் தெரிவு செய்தமை அவர் முயற்சியின் சிறப்பாகும். தாயைக் குறிக்கும் சொற்களுள் 55 சதவீதமானவை மெல்லினவொலி கொண்டிருக்க, தந்தையைக் குறிப்பனவற்றுள் 15 சதவீதமானவையே அவ்வாறு அமைந்திருந்தன. இத்துணை வேறுபாட்டைத் தற்செயல் எனத் தள்ளிவிட இயலாது.

அவ்வாண்டே இத்தரவுகளுக்கு விளக்கம் கூற முன்வந்தவர் றோமன் யாக்கொப்சன் (1896–1982). மொஸ்கோவிற் பிறந்து, பிராக் நகரிற் பணிபுரிந்து, நாற்சிகளின் படையெடுப்பினால் அந்நகரை விட்டு நீங்கி, ஸ்கண்டிநேவிய நாடுகளூடாக 1941 இல் அமெரிக்காவை அடைந்தவர் இவர். அவ்வாண்டிலேயே சுவீடனின் உப்சலா நகரில் அச்சான அவரது நூல், குழந்தைகள் மொழியொலிகளைப் பெறும் வரிசையை ஆராய்ந்தது. அவ்வாய்வின் அடிப்படையில், 'மாமாவும் பாப்பாவும் ஏன்?' என வினவும் தலைப்பில் 1960 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இன்றும் முதலிற் படிக்கப்படுவதாகும்.

குழந்தையின் வாயும் தொல்காப்பியரின் பிறப்பியலும்

யாக்கொப்சனின் விளக்கத்தைத் தமிழ் மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்; அதற்கு வேண்டிய ஒலியறிவு தொல்காப்பியத்தின் பிறப்பியலிலே உளது. வாயை அங்காத்தலால் அகரமும் ஆகாரமும் பிறக்கும் என்றும், இரு இதழும் பொருந்தப் பகரமும் மகரமும் பிறக்கும் என்றும், பல்லின் அடியில் நாநுனி பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும் என்றும் அவ்வியல் கூறும். மெல்லெழுத்துகள் மூக்கின்வழிச் செல்லும் வளியால் இசைபெறும் என்பதும் அங்குக் கூறப்பட்டுள்ளது.

குழந்தை ஏறத்தாழ ஆறு திங்கள் முதற் பத்துத் திங்கள் வரையான பருவத்தில் அசைகளை அடுக்கி மிழற்றத் தொடங்குகின்றது. அப்போது அது செய்வது யாதெனின், வாயை மூடித் திறத்தலேயாம். நாவின் நுண்ணிய அசைவுகளை வேண்டும் றகரமும் ழகரமும் அதற்கு இன்னும் கைவரவில்லை. வாயை முற்றாக மூடினால் இதழொலியோ பல்லொலியோ பிறக்கும். முற்றாகத் திறந்தால் அகரம் பிறக்கும். மூடலும் திறத்தலும் மாறிமாறி நிகழ 'மமம', 'பபப', 'ததத' என்னும் தொடர்கள் தாமாகவே உருவாகின்றன. தமிழ்க் குழந்தையாயினும் சீனக் குழந்தையாயினும் வாயுறுப்புகளின் அமைப்பு ஒன்றே.

இவ்வொலிகளுள் மெல்லொலி தாய்க்கு உரியதாயது ஏன்? பால் உண்ணும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும்போது, அது எழுப்பக்கூடிய ஒலி மூக்கின்வழி வரும் முனகல் ஒன்றே. பின்னர்ப் பசித்தபோதும், தாயை வேண்டியபோதும், அவ்வொலியையே குழந்தை எழுப்புகின்றது. எனவே 'மம' என்பது முதலில் ஒருவரின் பெயரன்று. அது ஒரு வேண்டுகோள். பாலுக்கும் அதனைத் தருபவளுக்கும் பொதுவான அவ்வொலி காலப்போக்கில் தாயின் பெயராகின்றது என்பது யாக்கொப்சனின் கருத்து. இதற்கு அரணாகத் தமிழில் ஒரு சொல் உண்டு. 'அம்மம்' என்பது தாயின் முலையையும் குழந்தையின் உணவையும் குறிக்கும் மழலைச் சொல். பெரியாழ்வார் யசோதையின் கூற்றாக அமைத்த பாசுரங்களில் அது பயின்று வருகின்றது. இலத்தீன் மொழியிலும் 'மம்மா' என்பது தாயையும் முலையையும் ஒருங்கே குறித்தது.

இங்கு மற்றொன்றும் மனங்கொள்ளத்தக்கது. குழந்தை ஒலியைத் தருகின்றதேயன்றிப் பொருளைத் தருவதில்லை. பொருளைத் தருபவர் பெற்றோர். தம் குழந்தை தம்மையே அழைக்கின்றது என நம்பும் ஆவல் எந்நாட்டுப் பெற்றோருக்கும் பொதுவானது. அவர் அவ்வொலியைப் பெயராக ஏற்று, அதனையே குழந்தைக்குத் திருப்பிக் கூறுகின்றனர். இவ்வாறு பெரியோர் தாமே வகுத்துக்கொண்ட மழலைச் சொல்லே மொழியில் நிலைபெறுகின்றது. லரி றாஸ்க் என்னும் மொழியியலாளர் 2004 இல் இக்கருத்தினையே மீளவும் வற்புறுத்தினார்.

மாறுபடும் சான்றுகள்

மேற்கூறிய விளக்கம் ஒரு போக்கினைக் காட்டுகின்றதேயன்றி விலக்கற்ற விதியைக் கூறுவதன்று. ஜோர்ஜிய மொழியில் 'மாமா' என்பது தந்தையையும் 'டெடா' என்பது தாயையும் குறிக்கும். மத்திய அவுஸ்திரேலியாவின் பிச்சஞ்சாரா மொழியிலும் 'மாமா' தந்தையே. இத்துணைத் தொலைவு செல்லவேண்டியதுமில்லை. திராவிட மொழிகளுள் ஒன்றாகிய துளுவிலே 'அம்மெ' தந்தையையும் 'அப்பெ' தாயையும் குறிக்கின்றன. தெலுங்கில் தந்தையை 'நான்ன' என மெல்லொலியால் அழைப்பர். தமிழிலேயே மாமனும் அம்மானும் தாயின் உடன்பிறந்தானைக் குறிக்கின்றன.

இவ்விலக்குகள் விளக்கத்தைப் பொய்யாக்குவனவல்ல. அதனை மேலும் தெளிவாக்குகின்றன. எல்லா மொழிகளுக்கும் கிடைக்கும் மூலப்பொருள் ஒன்றே. அதனை யாருக்கு எவ்வாறு பங்கிடுவது என்பதை அவ்வச் சமுதாயம் முடிவுசெய்கின்றது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தமிழும் துளுவும் மாறுபட, உறவே இல்லாத துளுவும் ஜோர்ஜிய மொழியும் தாய்க்கு வல்லொலியும் தந்தைக்கு மெல்லொலியும் கொடுத்து உடன்படுகின்றன. இச்சொற்கள் இனவுறவைக் காட்டும் அளவுகோலாக அமையா என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

முதுசொத்தா, புத்தாக்கமா?

இனி எதிர்க்கருத்தை நோக்குவோம். அமெரிக்கரான மெரிற் றூலன் 1994 இல் வெளியிட்ட நூலில், உலக மொழிகள் யாவும் ஒரே மூலமொழியிற் பிறந்தன என வாதிட்டார். பின்னர் பிரெஞ்சு ஆய்வாளரான பியர் பன்செல், அலன் மத்தே த லெத்தாங் ஆகியோர், பெற்றோரைக் குறிக்கும் இச்சொற்கள் அம்மூலமொழியிலிருந்து வழிவழியாக வந்த முதுசொத்து என எழுதினர். பெரும்பாலான வரலாற்று மொழியியலாளர் இதனை ஏற்கவில்லை. அதற்கான காரணம் எளிமையானது: சொற்கள் காலத்தால் தேய்ந்து திரிகின்றன. பல்லாயிரம் ஆண்டுகள் மரபாக வந்த சொல், எல்லா மொழிகளிலும் ஒரே வடிவில் நிலைத்திருத்தல் இயலாது.

உண்மையில் மரபாக வந்த சொற்கள் எவ்வாறு மாறுகின்றன என்பதற்கு இந்தோ-ஐரோப்பிய மொழிகள் சான்று தருகின்றன. வடமொழியின் 'பிதர்', கிரேக்க, இலத்தீன் மொழிகளின் 'பற்றேர்', ஆங்கிலத்தின் 'ஃபாதர்' ஆகியன ஒரே மூலத்தின. முதலிலிருந்த பகரம் ஜேர்மானியக் கிளையில் ஃபகரமாயிற்று. இத்திரிபின் ஒழுங்கை 1822 இல் யாக்கோப்பு கிரிம் எடுத்துரைத்தார். யப்பானிய மொழியில் தாயைக் குறிக்கும் 'ஹஹ' என்பது பழங்காலத்திற் 'பப' என ஒலித்தது. பகரம் ஃபகரமாகிப் பின்னர் ஹகரமாயிற்று. இவ்வாறு மரபுச்சொல் மழலையிலிருந்து விலகிச் செல்லச்செல்லக் குழந்தைகளும் பெற்றோரும் புதிய மழலைச் சொல்லை ஆக்கிக்கொள்கின்றனர். 'ஃபாதர்' எனக் கூறும் ஆங்கிலேயர் வீட்டிற் 'பாப்பா', 'டாட்' என அழைத்தமை இதனாலேயே.

சில வேளைகளில் மழலைச் சொல் மரபுச்சொல்லை அகற்றிவிடுவதும் உண்டு. கி. பி. நான்காம் நூற்றாண்டில் உல்பிலா என்பவர் பைபிளைக் கோதிக் மொழியில் ஆக்கியபோது, தந்தையைக் குறிக்க 'அத்தா' என்னும் சொல்லையே எங்கும் பயன்படுத்தினார். 'ஃபதர்' என்னும் மரபுச்சொல் எஞ்சியுள்ள கோதிக் நூற்பகுதிகளில் ஒரேயோர் இடத்தில், அரமேயச் சொல்லாகிய 'அப்பா'வை அடுத்தே வருகின்றது. எனவே ஒத்த வடிவம் பழைமைக்கு அறிகுறியன்று. அது பெரும்பாலும் புதுமைக்கே அறிகுறி.

தமிழ்ச் சொற்களின் வரலாறு

இவ்வொளியில் தமிழை நோக்கின், விளிக்கும் சொல்லும் சுட்டும் சொல்லும் வெவ்வேறு வரலாறு உடையன என்பது புலனாகும். அம்மை, அப்பன், அன்னை, அத்தன், அச்சன் ஆகியன மழலையின் சாயல் உடையன. தாய், தந்தை என்பனவோ அவ்வாறல்ல. சங்க இலக்கியத்தில் யாய், ஞாய், தாய் என்னும் மூன்று வடிவங்கள் உள. 'யாய்' என் தாய். 'ஞாய்' உன் தாய். 'தாய்' அவன் அல்லது அவள் தாய். அவ்வாறே எந்தை, நுந்தை, தந்தை என்பன முறையே தன்மை, முன்னிலை, படர்க்கை இடங்களுக்கு உரியன. மூவிடப் பெயர்களின் முதலொலி உறவுப் பெயரோடு ஒன்றித்துவிட்டமையை இவை காட்டுகின்றன. 'நுந்தை' என்னும் முறைப்பெயரின் முதலில் வரும் உகரம் குற்றியலுகரமாக ஒலிக்கும் எனத் தொல்காப்பியர் தனியே விதந்து கூறுமளவிற்கு அச்சொல் சிறப்பிடம் பெற்றிருந்தது. பிற்காலத்தில் இவ்வேறுபாடு மறைய, படர்க்கை வடிவங்களே பொதுச்சொற்களாயின. இன்று 'என் தாய்' என எழுதும்போது, அதனுள்ளே 'அவன் தாய்' என்னும் பழம்பொருள் புதைந்திருப்பதை நாம் உணர்வதில்லை.

பழைய வடிவங்கள் வழக்கிழந்தபோதும், அவற்றைத் தோற்றுவித்த நெறி அழியவில்லை. யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் 'கொப்பர்' என்பது உன் தந்தை. 'கொம்மா' உன் தாய். 'கொக்கா', 'கொண்ணர்' என்பன உன் தமக்கை, தமையன். 'உங்கள்' என்னும் முன்னிலைச் சொல் உறவுப் பெயரோடு இணைந்து தேய்ந்ததன் விளைவே இவை. சங்ககாலத்து 'நுந்தை' எவ்வாறு அமைந்ததோ, அவ்வாறே எமது ஊர்களின் 'கொப்பரு'ம் அமைந்துள்ளது. நாகரிகமற்ற கொச்சைமொழி எனப் பலராலும் ஒதுக்கப்படும் இச்சொற்கள், தமிழின் ஈராயிரம் ஆண்டு இலக்கண நெறியொன்று இன்னும் உயிரோடிருப்பதற்குச் சாட்சி பகர்கின்றன. உலகெங்கும் பொதுவான 'அம்மா'வைக் காட்டிலும் 'கொம்மா' தமிழரின் தனிவரலாற்றை மிகுதியாகச் சொல்கின்றது எனலாம்.

எது சான்று?

திராவிட மொழிகள் ஒரு குடும்பம் என்பதை 1816 இல் எல்லிஸ் என்பாரும், 1856 இல் விரிவான ஒப்பிலக்கண நூலால் கால்ட்வெல்லும் நிறுவினர். அவ்வுறவு 'அம்மா'விலும் 'அப்பா'விலும் தங்கியிருக்கவில்லை. தமிழிற் பால், பல், பத்து, புலி, பாம்பு என வருவன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி, ஹாவு என வருகின்றன. சொல்முதற் பகரம் தமிழில் நிற்க, கன்னடத்தில் அது ஒழுங்காக ஹகரமாயிற்று. தமிழ் 'பால்' என்பதும் கன்னட 'ஹாலு' என்பதும் முதலெழுத்தில் ஒவ்வாதன. ஆயினும் அவற்றின் உறவு ஐயத்துக்கு இடமற்றது. தமிழ் 'அம்மா' என்பதும் சீன 'மாமா' என்பதும் ஒத்து ஒலிப்பன. ஆயின் அவ்வொப்புமை எதனையும் நிறுவுவதில்லை. மொழியுறவுக்குச் சான்றாவது ஒலியொப்புமையன்று. ஒழுங்குடைய வேறுபாடே என்பது ஒப்பியன் மொழியியலின் அடிப்படைப் பாடமாகும்.

இப்பாடத்தை மறந்ததால் விளைந்த முடிவுகள் பல. 1905 இல் ஹோமர் ஹல்பேர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். கொரியக் குழந்தைகள் தாயை 'ஒம்மா' எனவும் தந்தையை 'அப்பா' எனவும் அழைப்பதை இன்றும் பலர் இவ்வுறவுக்குச் சான்றாகக் காட்டுவர். யப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், கலாநிதி மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோருடன் இணைந்து தமிழ்-யப்பானிய உறவை ஆராய்ந்தபோது, வெறும் ஒப்புமையை நம்பாது ஒலிநிகர்வுகளைத் தேடினார். அவர் முடிவை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லையாயினும், அவ்விவாதம் ஒலிநிகர்வுகள் போதுமானவையா என்னும் வினாவைச் சுற்றியே நடைபெற்றது. விவாதிக்கவேண்டிய களமும் அதுவே.

உறவுப் பெயர்களின் ஒலியை மட்டுமன்றி அவற்றின் அமைப்பையும் இவ்வாறு சான்றாக்க முயன்றோர் உளர். 1871 இல் லூயிஸ் ஹென்றி மோர்கன், வட அமெரிக்காவின் செனெக்கா மக்களைப் போலத் தமிழரும் தந்தையின் உடன்பிறந்தானைத் தந்தையாகவே கொள்வதைக் கண்டு வியந்து, அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தமைக்கு இதனை ஆதாரமாக்கினார். பெரியப்பா, சித்தப்பா என்னும் எமது சொற்கள் அவரை அத்துணை தூரம் இட்டுச்சென்றன. இரு முறைகளும் மாமன், மைத்துனர் தொடர்பில் வேறுபடுவதைப் பிற்கால மானிடவியலாளர் எடுத்துக்காட்டினர்.

மொழியுறவு பற்றிய தவறான முடிவுகள் நூலகத்தோடு நின்றுவிடுவனவல்ல. 'ஆரியர்' என்னும் சொல்லை மொழியாய்விற் பரப்பிய மாக்ஸ் முல்லரே, அதனை இரத்தத்துக்கும் எலும்புக்கும் உரிய இனப்பெயராகக் கொள்வது பெருந்தவறு என 1888 இல் எச்சரிக்க நேர்ந்தது. அவ்வெச்சரிக்கை செவிமடுக்கப்படவில்லை. எமது நாட்டிலே மொழிக்குடும்பத்தின் பெயர்கள் இரு மக்களின் குருதிப் பெயர்களாக மாற்றப்பட்டமையும், அதன் விளைவுகளும் நாம் அறியாதனவல்ல. 'அம்மா' என்னும் சொல் பொதுவாயிருத்தல் கொண்டு தமிழும் சிங்களமும் ஒரு குடும்பத்தின எனக் கூறுதல் பிழை. அவை வெவ்வேறு குடும்பத்தன என்பது கொண்டு அவற்றைப் பேசுவோர் வெவ்வேறு குருதியினர் எனக் கூறுதலும் அதேயளவு பிழையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்களின் ஒலியொப்புமை ஒரு மூலமொழியின் எச்சமன்று என்பதும், ஒரு மொழியிலிருந்து ஏனையவை பெற்ற கடனன்று என்பதும், குழந்தையின் வாயமைப்பும் பெற்றோரின் ஆவலும் சேர்ந்து ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக ஆக்கும் பொதுமை என்பதும் பெறப்படும். தமிழின் தொன்மைக்கு இச்சொற்களைச் சான்றாக்குவோர் தம் மொழிக்குப் பெருமை சேர்ப்பதாகக் கருதக்கூடும். ஆயின் தமிழின் தொன்மைக்குப் பிறப்பியலும், யாய் ஞாய் தாய் என்னும் பாகுபாடும், இன்றும் வழங்கும் கொப்பரும் கொம்மாவும் போதிய சாட்சிகளாக உள. பொய்ச்சான்று ஒன்றைச் சேர்ப்பின், மெய்ச்சான்றுகளும் ஐயத்துக்கு உள்ளாகும். மொழிப்பற்று உடையோரே இதனை முதலில் உணர்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தில் மொழி பயிலும் எமக்கோ அது தவிர்க்கவொண்ணாக் கடமையாகும்.